இரண்டாம் காலத்தில் கை ஏன் ஓடுகிறது? பாட்டுப் படிக்கும் பிள்ளைகளுக்கு நடையும் காலமும்

கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசையை முதல் காலத்தில் ஒழுங்காகப் பாடிய பிள்ளையிடம் "இப்ப ரெண்டாம் காலம்" என்று சொன்னதும் நாக்கோடு சேர்ந்து கையும் வேகமெடுக்கும். ஆசிரியர் "கை ஓடுது" என்று சொல்வார். பிள்ளை கையை இழுத்துப் பிடிக்கும். கூடவே ஸ்வரமும் இழுபடும். மூன்றாம் காலம் வந்தால் தாளம் போடும் கையில் எது தட்டு, எது வீச்சு (கையைத் திருப்புவது) என்றே பிரித்துப் பார்க்க முடியாது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து "வீட்ல நல்லா சாதகம் பண்ணு" என்பது. ஓடும் கையோடு நூறு தடவை பாடினால் ஓட்டம்தான் கையில் படியும்.

பிள்ளை 'காலம்' என்பதை 'வேகம்' என்று எடுத்துக்கொள்வதுதான் இதன் வேர். இரண்டாம் காலத்தில் தாளம் ஒரு துளியும் மாறுவதில்லை. ஒரு அட்சரத்துக்குள், அதாவது தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்குள், முன்பு ஒரு ஸ்வரம் இருந்தது, இப்போது இரண்டு இருக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் ஏழு வயதுப் பிள்ளை "புரியுது மிஸ்" என்று தலையாட்டும். ஆனால் உடம்புக்குப் புரிந்திருக்காது. முதல் காலம் பாடிய நாட்களில் அட்சரத்தின் உட்புறம் அதற்கு வெறும் காத்திருப்பாகத்தான் இருந்தது. திடீரென்று அந்த இடத்தைச் சரிபாதியாக வெட்டு என்றால் எதை வைத்து வெட்டும்? ஆகவே நடையை, அதாவது அட்சரம் உள்ளே எத்தனை சம பங்காக ஓடுகிறது என்பதை, முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும், காலம் அதற்குப் பிறகு வர வேண்டும். முதல் ஸ்வரத்தைப் பாடும் நாளிலேயே அட்சரத்துக்குள் நான்கு பங்கு ஓடுவதைப் பிள்ளை கேட்டிருக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அதைச் செய்யும் வழிகளைப் பற்றியது.

கை காட்டாத இடம்

ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். லகு என்ற முதல் பகுதியில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்; அடுத்து துருதம் என்ற பகுதிகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டும் ஒரு வீச்சும். கை காட்டுவது இந்த எட்டுப் புள்ளிகளை மட்டுமே. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் நடப்பதைக் கை சொல்லாது.

அந்த எட்டிலும்கூட மூன்றுக்குத்தான் சத்தம் உண்டு. விரல் எண்ணுவதற்கும் வீச்சுக்கும் ஓசை கிடையாது. அதனால் ஆரம்பப் பிள்ளைகளிடம் ஒரே மாதிரியான இரண்டு பிழைகளைப் பார்க்கலாம். விரல்களில் அடுத்தது எது என்று தேடும்போது லகு நீளும். துருதத்தில் வீச்சைச் சட்டென்று முடித்துவிட்டு அடுத்த தட்டுக்குத் தாவும்போது துருதம் சுருங்கும். எட்டும் எண்ணியாகிவிட்டதால் கணக்கு சரியாக இருப்பது போலத் தெரியும். நேரம் சரியாக இருக்காது. இரண்டு, மூன்று வாரங்களுக்கு வீச்சின்போது புறங்கை தொடையில் மெதுவாகப் படும்படி வைக்கச் சொன்னால் அங்கும் ஓர் ஓசை கிடைக்கும். விரல் எண்ணும்போது நுனி தொடையை அழுத்த வேண்டும். காற்றில் எண்ணக் கூடாது. தட்டு முழங்கையிலிருந்து இறங்க வேண்டும். மணிக்கட்டை மட்டும் ஆட்டும் பிள்ளையின் தட்டு சின்னதாகிக்கொண்டே போகும். சின்னத் தட்டு சீக்கிரம் வேகமெடுக்கும்.

ஏழு அட்சர லகு வரும்போது இன்னொரு தொல்லை சேரும். மிஸ்ர ஜாதி ஜம்பை தாளத்தில் தட்டுக்குப் பிறகு ஐந்து விரலையும் எண்ணி முடித்து, மறுபடியும் சுண்டுவிரலுக்கு வர வேண்டும். அந்த ஆறாவது எண்ணிக்கையைத்தான் பிள்ளைகள் விழுங்குவார்கள். தாளத்தை மட்டும் தனியாக, பாட்டே இல்லாமல், பத்து ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) போடச் சொல்லிவிட்டு அலங்காரத்தை (வெவ்வேறு தாளங்களில் அமைந்த ஸ்வரப் பயிற்சி) தொடங்குவது நல்லது.

எந்த வேகத்தில் தொடங்குவது

சின்னப் பிள்ளைகளை இஷ்டத்துக்குத் தட்டச் சொன்னால் பெரியவர்களைவிட விரைவாகத் தட்டுவார்கள். வயது ஏற ஏற அது நிதானப்படும். ஆகவே "மெதுவா ஆரம்பிச்சா சுலபம்" என்ற எண்ணம் ஆறு வயதுக்காரரிடம் செல்லாது. நிமிடத்துக்கு 40 அட்சரம் என்று வைத்தால் இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஒன்றரை வினாடி வெறுமை. அவ்வளவு பெரிய இடைவெளியைப் பிள்ளையால் பிடித்துவைக்க முடியாது, முந்திக்கொண்டு தட்டிவிடும். மறுபக்கம், 90இல் தொடங்கினால் முதல் காலம் சுகமாக இருக்கும். மூன்றாம் காலத்தில் வினாடிக்கு ஆறு ஸ்வரம் வந்து நாக்கு மடங்கும்.

மூன்று காலத்துக்கும் பொதுவாக நிமிடத்துக்கு 60 அட்சரம் கைகொடுக்கும். ஒரு அட்சரம் ஒரு வினாடி, ஒரு பங்கு கால் வினாடி. மூன்றாம் காலத்தில் வினாடிக்கு நான்கு ஸ்வரம். சில மாதம் பாடிய பிள்ளைக்கு இது எட்டும். முடியாவிட்டால் 50க்கு இறக்கலாம். 60கூடச் சின்னவர்களுக்கு மெதுவானதுதான். அதனால்தான் உள்ளே நான்கு பங்கையும் காதில் விழும்படி ஓடவிட வேண்டியிருக்கிறது. அப்போது பிள்ளை பற்றிக்கொள்வது வினாடிக்கு ஒன்றாக வரும் தட்டை அன்று, வினாடிக்கு நான்காக ஓடும் சொல்லை. அந்த வேகம் அதற்கு இயல்பானது.

நிற்காத தகதிமி

நடையைக் காதில் விழவைக்கச் சொற்கட்டைவிட, அதாவது தாளத்தை வாயால் சொல்லும் எழுத்துக் கோவையைவிட, நல்ல கருவி இல்லை. வகுப்பில் பாதிப் பேர் தாளம் போட்டுக்கொண்டு 'தகதிமி தகதிமி' என்று சன்னமான குரலில் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். மீதிப் பேர் அதே தாளத்தில் சரளி வரிசை பாடட்டும். முதல் காலத்தில் ஸ்வரம் 'த'வில் மட்டும் விழும். இரண்டாம் காலத்தில் 'த'விலும் 'தி'யிலும் விழும். மூன்றாம் காலத்தில் நான்கு எழுத்திலும் விழும். சொல்லுபவர்கள் எந்தக் காலத்துக்கும் எதையும் மாற்றுவதில்லை. பாடுகிறவர்கள் காலம் மாற்றும்போது சொற்கட்டு கொஞ்சமும் அசையாமல் ஓடுவதைக் கேட்பார்கள். பிறகு இரு பாதியும் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். தகதிமி சொல்லும் வேலைதான் உண்மையில் கடினம், பாடத்தின் பலனும் அதில்தான் அதிகம்.

இங்கே ஒரு நுட்பம். இரண்டு பங்குக்குப் பலர் 'தக' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மிருதங்க மாணவருக்கு அது சரி. பாட்டுப் பிள்ளைக்கு அதில் ஒரு குழப்பம் உண்டு: 'தக'வில் 'க' விழுவது அரையிடத்தில், 'தகதிமி'யில் அதே 'க' விழுவது கால் இடத்தில். ஒரே எழுத்து இரண்டு இடத்தைக் காட்டினால் ஆரம்பநிலைக்காரருக்கு இடம் மனதில் ஊன்றாது. தகதிமியையே எப்போதும் ஓடவிட்டால் 'தி' என்றாலே அரையிடம் என்று பதிந்துவிடும். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹாஃப்மன், வில்லியம் பெல்டோ, ஜான் ஒயிட் ஆகியோர் நம் சொற்கட்டிலிருந்து எழுத்துகளை எடுத்து 1996இல் 'தகதிமி' என்ற பெயரிலேயே ஒரு லயப் பாடமுறையை வெளியிட்டார்கள். அதில் இரண்டு பங்குக்கு 'த தி' என்றும், நான்குக்கு 'த க தி மி' என்றும் வைத்திருக்கிறார்கள். எழுத்து எங்கே வந்தாலும் அட்சரத்துக்குள் அதன் இடம் ஒன்றே. சொற்கட்டின் வளம் நம்மிடம் இருக்க, சின்னப் பிள்ளைக்கு இந்த ஒழுங்கை மட்டும் அங்கிருந்து வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

அடுத்தது காலம் மாற்றும் பயிற்சி. ஸ்வரம் வேண்டாம், 'தா' என்ற ஒரே எழுத்து, ஒரே சுருதி. நான்கு ஆவர்த்தனம் அட்சரத்துக்கு ஒன்று, நான்கு ஆவர்த்தனம் இரண்டு, நான்கு ஆவர்த்தனம் நான்கு. அப்படியே திரும்பி இரண்டு, ஒன்று. நடுவில் நிற்கக் கூடாது. ஒழுங்காக வந்தபின் இரண்டிரண்டு ஆவர்த்தனமாகவும், பிறகு ஒவ்வொரு ஆவர்த்தனமாகவும் குறைக்கலாம். ஏறுவதை எல்லோரும் பயிற்றுவிக்கிறார்கள். இறங்குவதுதான் கடினம், அதை விட்டுவிடுகிறார்கள். நான்கிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் பிள்ளை, ஓடிய வேகத்தின் உந்துதலில் அடுத்த தட்டை முன்னதாகவே போட்டுவிடும். இறங்கிய பிறகும் உள்ளே தகதிமி நிற்காமல் ஓடுகிறதா என்பதை அந்த முதல் இரண்டு அட்சரம் காட்டிக்கொடுக்கும்.

துருதத் தட்டில் என்ன ஸ்வரம்?

பிள்ளை தாளத்தோடுதான் பாடுகிறதா, தாளத்தின் பக்கத்தில் பாடுகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. முதல் சரளி வரிசையை ஆதி தாளத்தில் பாடவிட்டு, முதல் துருதத்தின் தட்டில், அதாவது ஐந்தாவது அட்சரத்தில், என்ன ஸ்வரம் விழுகிறது என்று கவனிக்க வேண்டும். முதல் காலத்தில் ஏறும்போது அங்கே 'ப' விழும்; இறங்கும்போது 'ம' விழும். இரண்டாம் காலத்தில் பதினாறு ஸ்வரமும் ஒரே ஆவர்த்தனத்தில் அடங்குவதால் அந்தத் தட்டில் மேல் 'ச', இறக்கத்தின் முதல் ஸ்வரமாக, விழும். மூன்றாம் காலத்தில் பதினாறு ஸ்வரமும் லகுவுக்குள்ளேயே முடிந்துவிடும். துருதத் தட்டில் வரிசை மறுபடியும் கீழ் 'ச'விலிருந்து தொடங்கும். இரண்டு முறை பாடினால்தான் ஆவர்த்தனம் நிறையும்.

இந்த மூன்றாம் காலத்தில்தான் பிள்ளைகள் லகுவின் முடிவிலேயே நின்றுவிடுகிறார்கள், அல்லது இரண்டாவது தடவையைத் தொடங்கும் முன் ஒரு மூச்சு வாங்கித் துருதத் தட்டைத் தள்ளிப்போடுகிறார்கள். எங்கே என்ன விழும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பிள்ளையே தன்னைத் திருத்திக்கொள்ளும். "தட்டுல மேல் ச வந்துச்சா?" என்று கேட்டால் போதும், "கை ஓடுது" என்று கண்டிக்கத் தேவையிருக்காது.

நேரத்தை வைத்தும் பார்க்கலாம். நிமிடத்துக்கு 60 என்றால் ஒரு ஆவர்த்தனம் 8 வினாடி. முதல் காலம் 16 வினாடி, இரண்டாம் காலம் 8, மூன்றாம் காலம் இரண்டு முறைக்கும் சேர்த்து 8. மொத்தம் 32 வினாடி. மெட்ரோனோம் நான்கு தட்டு ஒலித்ததும் நிறுத்திவிட்டு, பிள்ளையை மூன்று காலமும் தொடர்ந்து பாடச் சொல்லி, போனில் ஸ்டாப்வாட்ச் பிடிக்கலாம். 31, 33 என்றால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. 27 என்றால் எந்தக் காலத்தில் ஓடியது என்று தனித்தனியாக அளந்து பார்க்க வேண்டும்.

புரந்தரதாசர் (1484–1564) வகுத்ததாகச் சொல்லப்படும் இந்தப் பாட வரிசையில் லயப் படிகளும் ஒளிந்திருக்கின்றன. ஜண்டை வரிசையில் இரட்டை ஸ்வரத்தின் இரண்டாவதில் அழுத்தம் வர வேண்டும். இரண்டாம் காலத்தில் அந்த அழுத்தம் 'தி'யில், அரையிடத்தில் விழுகிறது. அழுத்தம் விழுந்த இடத்துக்கே தட்டும் நகர்ந்துவிடுவது இந்தக் கட்டத்தின் தனிப் பிழை. குரலில் அழுத்தம் அரையிடத்தில், கையில் அழுத்தம் அட்சரத்தில் என்று இரண்டையும் பிரித்து வைக்கப் பிள்ளை முதன்முதலாகக் கற்றுக்கொள்வது இங்கேதான். தட்டை வழக்கத்தைவிடச் சற்று ஓங்கிப் போடச் சொன்னால் சீக்கிரம் சரியாகும்.

அலங்காரத்தில் திஸ்ர ஜாதி திரிபுடை இன்னும் ஆழமானது. 'சரிக சரி கம' என்று ஏழு ஸ்வரம், ஏழு அட்சரம். ஏற்றத்தில் ஐந்து வரி, இறக்கத்தில் ஐந்து வரி. இரண்டாம் காலத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்குப் பதினாலு ஸ்வரம், ஆக இரண்டு வரி. அப்படியென்றால் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் இரண்டாவது வரி மூன்றரை அட்சரம் தள்ளி, முதல் துருதத்தின் தட்டுக்கும் வீச்சுக்கும் நடுவே தொடங்குகிறது. ஏற்றத்தின் ஐந்து வரிகளும் இரண்டரை ஆவர்த்தனத்தில் முடிவதால், இறக்கமும் அதே அரையிடத்தில்தான் தொடங்க வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் அந்த வரியை வீச்சு வரும்வரை காத்திருந்து எடுப்பார்கள், இல்லாவிட்டால் கையைச் சமத்துக்கு, அதாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டுக்கு, தாவவிடுவார்கள். அந்த ஓர் இடத்தை மட்டும் பெயர்த்தெடுத்து, நான்காவது அட்சரத்தில் 'தக' வாய்க்குள், 'திமி'யிலிருந்து பாட்டு என்று பத்துப் பன்னிரண்டு முறை பாடவைக்க வேண்டும். மூன்றாம் காலத்தில் பத்து வரியும் இரண்டரை ஆவர்த்தனத்தில் முடியும். முழுதாக நிறைய அலங்காரத்தை இரண்டு முறை பாட வேண்டும். முழுக் கணக்கையும் எட்டு வயதுப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் பிழை எங்கே வரும் என்று காத்திருந்து பிடிக்கலாம்.

பசு, கரடி, குறுநரி

மூன்று என்பது பாதியைப் பாதியாக்கி வருவதில்லை. அதனால் அட்சரத்துக்கு மூன்று பங்கான திஸ்ர நடையை 'இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் உள்ளது' என்று கொடுத்தால் பிள்ளை தடுமாறும். 'தகிட' என்று சொல்லச் சொன்னால், கடைசி எழுத்தை நீட்டி 'தகிடா' என்று நான்காக்கிவிடும். காதுக்கு நான்கு பங்கான சதுஸ்ரம் பழகியிருக்கிறது. அந்த அச்சில் மூன்றைத் திணிக்கிறது.

இங்கே தமிழே உதவிக்கு வரும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் தெரிந்த சங்கதி. குறில் மட்டுமே உள்ள சொற்களை எடுத்துக்கொள்ளலாம்: பசு இரண்டு, கரடி மூன்று, குறுநரி நான்கு. 'கரடி கரடி கரடி' என்று தாளமே இல்லாமல், ஒரே சீராக, பன்னிரண்டு முறை சொல்லட்டும். ஓட்டம் சமமானதும் ஒவ்வொரு 'க'விலும் தட்டு விழட்டும். தட்டை முதலில் வைத்து அதற்குள் மூன்றை அடைப்பதைவிட, மூன்றை முதலில் ஓடவிட்டு அதன் தலையில் தட்டை வைப்பது பல மடங்கு சுலபம். 'கரடீ' என்று நீட்டினால் பிள்ளைக்கே காதில் தப்பாகப் படும், அந்தச் சொல் அப்படி இல்லையே.

இந்த மூன்று விலங்கை வைத்து ஐந்து நடையும் முடிந்துவிடும். 'பசு கரடி' ஐந்து, அதுதான் 'தகதகிட', கண்டம். 'கரடி குறுநரி' ஏழு, 'தகிடதகதிமி', மிஸ்ரம். 'குறுநரி பசு கரடி' ஒன்பது, 'தகதிமிதகதகிட', சங்கீர்ணம். சொல்லின் இயற்கையான உச்சரிப்பு கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். ஒரு வாரம் இப்படிச் சொன்ன பிறகு சொற்கட்டுக்கு மாறிவிட வேண்டும். விலங்குப் பெயரில் தங்கிவிட்டால் கொன்னக்கோலின் (சொற்கட்டை வாயால் சொல்லும் கலை) நாப்பழக்கம் வராது. அந்த நாப்பழக்கம் பின்னால் கல்பனாஸ்வரம் (அங்கேயே கற்பனையாக அமைக்கும் ஸ்வரம்) பாடும்போது மிகவும் வேண்டியது.

இதன் மூத்த வடிவம் சந்தம். அருணகிரிநாதரின் திருப்புகழ் முழுக்கச் சந்தக் குழிப்பில் (பாட்டின் ஓசை அளவைக் காட்டும் வாய்பாடு) ஓடுகிறது. 'தனன தான' மும்மூன்றாகவும், 'தத்தன தனதன' நான்கு நான்காகவும் நிற்கும். 'தத்தன'வில் ஒற்று வந்ததால் முதல் குறில் இரண்டு மாத்திரை இடம் பிடிக்கிறது. திருப்புகழ் பாடிப் பழகிய பிள்ளைகளுக்கு நடை மாற்றம் எளிதாக வருவதற்குக் காரணம் இதுதான்: எழுத்தின் நீளம் அவர்களுக்குத் தாளத்தின் அளவாகவே நாக்கில் இருக்கிறது.

திஸ்ரம் நின்ற பிறகு ஒரு பயிற்சி மிகவும் நல்லது. ஆறு சம எழுத்தை ஓடவிட்டு, முதலில் 'கரடி கரடி' என்றும், வேகம் மாற்றாமல் உடனே 'பசு பசு பசு' என்றும் பிரிக்க வேண்டும். எழுத்தின் வேகம் அதேதான், தட்டு விழும் இடம் மட்டும் மாறும். சதுஸ்ரத்திலிருந்து திஸ்ரத்துக்கு ஒரே அட்சர அளவில் மாறுவது இதைவிடக் கடினம். அதற்கு அவசரம் வேண்டாம். வர்ணம் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். கண்டமும் மிஸ்ரமும் ஒன்பது, பத்து வயதுக்கு முன் வாய்ப்பாடமாக வந்தால் போதும், அவற்றில் ஸ்வரம் பாடவைக்க அவசரப்பட வேண்டாம்.

கார்வையும் மூச்சும்

மிருதங்கம் கற்கும் பிள்ளைக்கு ஒரு சொல் அடித்ததும் முடிந்துவிடும். பாடும் பிள்ளைக்கு அப்படியில்லை. ஸ்வரம் தொடங்கிய பின் அதை அடுத்த இடம்வரை தாங்கிக்கொண்டு போக வேண்டும். லயம் கெடுவது பெரும்பாலும் ஸ்வரம் நெருக்கமாக வரும் இடத்தில் இல்லை, நீண்டு நிற்கும் இடத்தில்தான். சரளி வரிசைகளில் பஞ்சமத்தில் நின்று போகும் இடங்களைக் கேட்டுப் பாருங்கள். புத்தகத்தில் 'ப' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி போட்டிருக்கும். பிள்ளைக்கு அந்தக் காற்புள்ளி ஒன்றுமில்லாத இடம். அதைச் சுருக்கிவிட்டு அடுத்த ஸ்வரத்துக்குப் போய்விடும்.

கார்வையை, அதாவது ஸ்வரம் நீண்டு நிற்கும் நேரத்தை, நிரப்பக் கற்றுக்கொடுப்பதுதான் வழி. முதலில் 'ப'வை 'ப அ அ அ' என்று நான்கு மெல்லிய உந்தலாகப் பாடவிடலாம். இதைப் பத்து நாளுக்கு மேல் நீட்டக் கூடாது. தொண்டையில் உந்தும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பின்னால் நீண்ட கார்வையில் குரல் அதிரும், அதைப் போக்குவது பெரும்பாடு. பத்து நாளுக்குப் பின் உந்தலை இடதுகை விரல்களுக்கு மாற்றிவிட வேண்டும்: குரல் நேராக நிற்கும், விரல்கள் தொடையில் தகதிமியைத் தட்டும். கடைசியில் விரலும் வேண்டாம்.

மூச்சும் இந்தக் கணக்குக்குள் வர வேண்டியதுதான். "வேணும்னா மூச்சு வாங்கிக்கோ" என்று விட்டுவிட்டால் பிள்ளை மூச்சுக்கான நேரத்தை அடுத்த ஸ்வரத்திலிருந்து எடுக்கும். அடுத்த தட்டு தாமதமாகும். நீண்டு நிற்கும் ஸ்வரத்தின் வாலிலிருந்துதான் மூச்சுக்கான நேரம் எடுக்கப்பட வேண்டும். ஒரு அட்சரக் கார்வையானால் 'தகதி' வரை குரல், 'மி'யில் மூச்சு. இடத்தைச் சொல்லிக்கொடுத்தால் ஆறு வயதுப் பிள்ளையும் செய்யும். வாயால் சத்தமாக இழுக்காமல், சிறிதாக, ஓசையில்லாமல் எடுக்கப் பழக்க வேண்டும். 60 வேகத்தில் அதற்கு இருப்பது கால் வினாடி.

இன்னொன்றையும் பெரும்பாலும் யாரும் திருத்துவதில்லை. தட்டில் விழ வேண்டியது உயிரொலி. 'ச' என்பதை 'ஸ்ஸ' என்று இழுத்துத் தொடங்கும் பிள்ளை, சீறலைத் தட்டில் வைத்துவிட்டு அகரத்தைத் தாமதமாகக் கொண்டுவரும். காதுக்கு அது எப்போதும் ஒரு மயிரிழை பின்னால் இருப்பது போலவே கேட்கும். அதே வரிசையை அகாரமாக, 'ஆ' என்று மட்டும், பாடச் சொன்னால் தட்டில் சரியாக விழும். அப்படியானால் கோளாறு லயத்தில் இல்லை, உச்சரிப்பில்.

மெட்ரோனோமும் கூட்டமும் ஆன்லைனும்

மெட்ரோனோமை நாள் முழுக்க ஓடவிடுவதில் பயனில்லை. கருவி பிள்ளைக்காக எண்ணிக்கொடுத்தால் பிள்ளை எண்ணாது. முதலில் அட்சரத்துக்கு ஒரு தட்டு, பிறகு இரண்டு அட்சரத்துக்கு ஒன்று, பிறகு சமத்தில் மட்டும் ஒன்று என்று ஒலியை விலக்கிக்கொண்டே போக வேண்டும். எட்டு வினாடிக்கு ஒரு முறை வரும் சமத்தில் பிள்ளையின் 'ச' சரியாகப் போய் விழுந்தால் நடுவில் உள்ளதெல்லாம் அதனுடையது. மௌன ஆவர்த்தனமும் இப்படித்தான்: ஒரு ஆவர்த்தனம் வாய்விட்டு, அடுத்தது மனத்துக்குள், கை மட்டும் தொடர்ந்து. மௌனத்தில் முந்திக்கொள்கிறவர்களே பெரும்பாலோர். உள்ளே ஸ்வரத்தை முழுதாகப் பாடாமல் தாண்டிவிடுவதால் அப்படி நேர்கிறது.

பத்துப் பேர் உள்ள வகுப்பில் உண்மையில் தாளம் போடுகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் பக்கத்துக் கையைப் பார்த்துத் தட்டுகிறார்கள். வட்டமாக, முதுகு உள்ளே இருக்கும்படி உட்காரவைத்தால் யார் யார் என்று ஐந்து நிமிடத்தில் தெரியும். அவர்களைக் கண்டிப்பதற்காக இல்லை; யாருக்குத் தகதிமி சொல்லும் வேலையை அதிகம் தர வேண்டும் என்பதை அறிவதற்காக.

டொராண்டோவிலோ சிட்னியிலோ இருக்கும் பிள்ளைக்குச் சென்னையிலிருந்து பாட்டு சொல்லிக்கொடுப்பது இன்று சாதாரணம். இணைய அழைப்பில் ஒலி ஐந்தில் ஒரு வினாடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால்கூட, 60 வேகத்தில் அது கிட்டத்தட்ட ஒரு முழுப் பங்கு. ஆசிரியர் தாளம் போட, பிள்ளை கூடவே பாடுவது அங்கே நடக்காத காரியம். பிள்ளை ஆசிரியரின் திரைக் கையைப் பார்த்துப் பாடினால் இல்லாத தாமதத்தைத் தன் லயத்தில் ஏற்றிக்கொள்ளும். பிள்ளையின் பக்கத்தில்தான் மெட்ரோனோம் ஓட வேண்டும், கை போட வேண்டியது பிள்ளைதான். ஆசிரியர் ஒரு வரி பாடி நிறுத்த வேண்டும், பிள்ளை தன் தாளத்தில் திருப்பிப் பாட வேண்டும். பாடும்போது ஆசிரியரின் மைக் அணைந்திருக்க வேண்டும்.

எடுப்பு

இத்தனை பயிற்சியும் பலன் தரும் முதல் இடம் எடுப்பு, அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடம். கீதம் வரை எல்லாம் பெரும்பாலும் சமத்தில் தொடங்கிப் பழகிய பிள்ளைக்கு, சமத்தில் தட்டு விழுந்து அரை அட்சரம் கழித்துத் தொடங்கும் கீர்த்தனை வரும்போது இரண்டில் ஒன்று நடக்கும்: தட்டோடு சேர்ந்து எடுத்துவிடும், அல்லது சரியான இடத்தில் எடுத்துவிட்டு, எடுத்த இடத்தில் இன்னொரு தட்டைப் போட்டுவிடும். இரண்டாவதைக் கவனிப்பது கடினம், ஏனென்றால் பாட்டு சரியாகத்தான் ஒலிக்கும். பல்லவி இரண்டாவது முறை வரும்போதுதான் தாளம் அரை அட்சரம் நகர்ந்திருப்பது தெரியவரும்.

சாகித்யத்தை (பாட்டின் சொற்களை) கையில் எடுக்கும் முன்பே நான்கு இடத்தையும் வெறும் சொல்லில் பழக்கிவிட வேண்டும். 'தகதிமி' ஓடட்டும், சமத்தில் நான்கு எழுத்தும் வெளியே சொல்ல வேண்டும். அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில் 'த' மட்டும் வாய்க்குள், 'கதிமி' வெளியே: அது கால் இடம். அடுத்ததில் 'தக' உள்ளே, 'திமி' வெளியே: அரையிடம். அதற்கடுத்ததில் 'தகதி' உள்ளே, 'மி' வெளியே: முக்கால் இடம். மற்ற ஏழு அட்சரமும் முழுதாகச் சொல்லப்படும். கால் இடமும் முக்கால் இடமும் அரையிடத்தைவிடக் கடினம், ஏனென்றால் பாதியாக வெட்டுவது கைக்குப் பழகியது. முக்கால் இடத்தில் பிள்ளைகள் கிட்டத்தட்ட எப்போதும் தாமதித்து அடுத்த அட்சரத்தின் மேலேயே விழுவார்கள். அதற்கு 'மி'யைத் தனியாக எடுக்கச் சொல்லாமல் 'மி தா' என்று ஜோடியாக, அடுத்த தட்டை நோக்கிப் போகும் சொல்லாகச் சொல்லவைத்தால் சரியாக விழும். பிறகு அந்த ஜோடியின் இடத்தில் பாட்டின் முதல் இரண்டு எழுத்தை வைத்துப் பத்து முறை பாடவிட்டு, அதன் பின்னரே பல்லவியின் முழு வரிக்குப் போக வேண்டும்.